‘ஆங்கிலம்’ என்ற பெயருக்குள் எதெது அடங்கும்? தொகுப்புக்கு எல்லை வகுக்க உதவி தேவை

சொல்தச்சன்:

வணக்கம். மின்னூல் தொகுப்பு ஒன்றில் மொழிவாரியாகப் பிரிக்கும் வேலை. ‘ஆங்கிலம்’ என்ற ஒரே பெட்டிக்குள் இப்போது கிடப்பவை: பேயோவுல்ஃப் என்ற பழங்காவியத்தின் மூலம், அதன் இக்கால மொழிபெயர்ப்பு, 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் கவிதைகள், 1611 விவிலியம், ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பாடல்கள், பப்புவா நியூகினியின் டோக் பிசின் மொழிச் செய்தித்தாள்கள், போதாக்குறைக்கு பிரிட்டிஷ், அமெரிக்க, கனடிய எழுத்துக்கூட்டலில் உள்ள நூல்கள்.

எல்லாவற்றையும் ஆங்கிலம் என்றே விட்டுவிடலாமா? பிரிப்பதென்றால் எந்த அடிப்படையில்? ‘ஷேக்ஸ்பியர் பழைய ஆங்கிலம்’ என்று ஒருவர் குறித்திருக்கிறார், அது சரியா? தேதி இல்லாத உரை வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பட்டியலாள்:

குறியீட்டிலிருந்து தொடங்குவோம், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். குறியீடுகளை எழுத்துக்கூட்டித் தமிழிலேயே தருகிறேன்.

மொழிகளுக்குக் குறி வகுக்கும் ஐஎஸ்ஓ 639 என்ற பன்னாட்டுத் தரத்தில் மூன்றெழுத்துக் குறிகள்:

ஏ-என்-ஜி: பழைய ஆங்கிலம், ஏறக்குறைய 450 முதல் 1100 வரை
ஈ-என்-எம்: இடைக்கால ஆங்கிலம், 1100 முதல் 1500 வரை
ஈ-என்-ஜி: 1500-க்குப் பிந்திய ஆங்கிலம்
எஸ்-சி-ஓ: ஸ்காட்ஸ், ஸ்காட்லாந்தில் பேசுவது
டி-பி-ஐ: டோக் பிசின்

ஈ-என் என்ற இரண்டெழுத்துக் குறி மூன்றாவதற்கு மட்டுமே சொந்தம். மற்ற நான்குக்கும் இரண்டெழுத்துக் குறியே கிடையாது. இரண்டெழுத்து மட்டும் ஏற்கும் மென்பொருளில் இவை எல்லாம் ஈ-என் ஆகிவிடும். உங்கள் பெட்டி இப்படிக் கலந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். குறியை இடும் புலத்தின் (கட்டத்தின்) நீளத்தை முதலில் பாருங்கள்.

ஏ-என்-ஜி குறியில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘ஆங்கிலம்’ என்பதை ரோமன் எழுத்தில் தொடங்கினால் வருவது அதே மூன்றெழுத்து. தேர்வுப் பட்டியலில் அதைப் பார்த்தவுடன் சொடுக்கிவிடுவார்கள். நேற்று வந்த கணினிக் கையேடு 9-ஆம் நூற்றாண்டு நூலாகப் பதிவாகிவிடும். ஏ-என்-ஜி எனக் குறிக்கப்பட்ட பதிவுகளை மட்டும் வடிகட்டி வெளியீட்டு ஆண்டோடு ஒப்பிடுங்கள், தவறெல்லாம் ஒரே பார்வையில் தெரியும்.

மொழிபெயர்ப்புக்கு: மார்க் 21 என்ற நூலகப் பதிவு வடிவத்தில் 008 புலத்தின் 35–37 இடங்களில் கையிலுள்ள உரையின் மொழி. 041 புலத்தில் முதல் சுட்டி 1 (மொழிபெயர்ப்பு என்பதைக் காட்டும் எண்), துணைப்புலம் ‘ஏ’-யில் உரையின் மொழி, ‘ஹெச்’-சில் மூலத்தின் மொழி. பேயோவுல்ஃபின் இக்கால மொழிபெயர்ப்பு என்றால் ‘ஏ’-யில் ஈ-என்-ஜி, ‘ஹெச்’-சில் ஏ-என்-ஜி. ஒரு பக்கம் மூலம், எதிர்ப்பக்கம் மொழிபெயர்ப்பு என்ற பதிப்பானால் ‘ஏ’ இரண்டு முறை வரும். ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பா என்று சிலர் இந்தப் புலத்தையே நிரப்பாமல் விடுகிறார்கள். அப்படி விட்டால் மூலத்தைத் தேடும் ஆய்வாளர் கையில் மொழிபெயர்ப்புதான் சிக்கும்.

ஷேக்ஸ்பியர் பிறந்தது 1564, மறைந்தது 1616. எந்தக் கணக்கிலும் பழைய ஆங்கிலம் அல்ல. தொடக்க நவீன ஆங்கிலம் என்பார்கள், குறி ஈ-என்-ஜிதான்.

வேர்நோக்கி:

பட்டியலாள் சொன்ன 1100, 1500 எல்லாம் பட்டியல் வசதிக்கான கோடுகள். பெயரே எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கோடு ஏன் வழுக்குகிறது என்பது புரியும்.

இன்றைய ஜெர்மனியின் வடமுனையில், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் ஆங்கெல்ன் என்றொரு தீபகற்பம். அங்கிருந்து கடல் கடந்தவர்கள் ஆங்கிள்கள். அவர்களோடு சாக்சன்களும் ஜூட்களும் பிரிட்டனில் குடியேறினார்கள் என்று 731-இல் முடித்த தம் திருச்சபை வரலாற்றில் பீட் என்ற துறவி எழுதுகிறார். மூன்று கூட்டத்தில் ஒரு கூட்டத்தின் பெயரே எல்லோருக்கும் பெயராயிற்று. இத்தனைக்கும் 871 முதல் 899 வரை ஆண்ட ஆல்ஃபிரட் மேற்குச் சாக்சன் அரசர். லத்தீனிலிருந்து நூல்களை மொழிபெயர்த்தபோது அவரும் தம் மொழியைச் சாக்சன் என்று சொல்லவில்லை, ‘எங்லிஷ்’ என்றே எழுதினார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் இதற்கு உடன்படவில்லை. வேல்ஸ் மொழியில் ஆங்கிலத்துக்கு இன்றும் ‘சைஸ்னெக்’, அதாவது சாக்சன் பேச்சு.

எழுத்தில் ‘ஈ’ இருக்க வாயில் ‘இ’ வருவது ஏன் என்ற கேள்விக்கும் இங்கே விடை. மூலத்தில் இருந்தது ‘அ’. பின்னொட்டில் இருந்த ‘இ’ ஒலி அதை முன்னோக்கி இழுத்து ‘எ’ ஆக்கியது. அதற்குப் பிறகு, இடைக்கால ஆங்கிலத்தில், ‘ங்’ ஒலிக்கு முன் வந்த ‘எ’ மேலும் உயர்ந்து ‘இ’ ஆயிற்று. எழுத்து இரண்டாம் கட்டத்தில் நின்றுவிட்டது, நா மூன்றாம் கட்டத்துக்குப் போய்விட்டது. நாம் ‘ஆங்கிலம்’ என்று முதல் கட்ட உயிரையே வைத்திருக்கிறோம்.

கடுக்காய்:

பெயர்க்கதை இருக்கட்டும். பேயோவுல்ஃபை இன்றைய லண்டன்காரரிடம் கொடுத்தால் ஒரு வரி புரியாது. அகராதியைத் திறந்தால் பிரெஞ்சும் லத்தீனும்தான் பாதிக்கு மேல். புரியாத மொழி, சொல்லும் வேறு. பிறகு எந்த நியாயத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்? பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த 1066-க்கு முந்தியதை ஒரு ஜெர்மானிய மொழி என்றும், பிந்தியதைப் பிரெஞ்சுக் கலப்பு மொழி என்றும் சொல்வதுதானே நேர்மை?

வேர்நோக்கி:

கடுக்காய், நல்ல கேள்வி, ஆனால் முடிவு தவறு. மொழியின் இனத்தை அகராதியின் பருமனை வைத்துத் தீர்மானிப்பதில்லை. அதிகம் புழங்கும் முதல் நூறு சொற்களை எடுங்கள். சுட்டு, பிரதிப்பெயர், முன்னிடைச்சொல், துணைவினை என ஏறக்குறைய எல்லாமே ஜெர்மானியம். ‘பீப்பிள்’, ‘யூஸ்’ போன்ற சில மட்டும் பிரெஞ்சு வழி. ‘பிகாஸ்’ பாதிக்குப் பாதி. ‘சிங், சாங், சங்’ என உயிர் மாற்றிக் காலம் காட்டுவதும், மற்ற வினைகளில் ‘ட்/ட’ ஒலி சேர்த்து இறந்தகாலம் காட்டுவதும் ஜெர்மானியக் கிளைக்கே உரிய முறை.

ஒலி மாற்றத்தையும் பாருங்கள். ஜெர்மனில் ‘ஃபுன்ஃப்’, ‘கான்ஸ்’, ‘முன்ட்’, ‘உன்ஸ்’. ஆங்கிலத்தில் ‘ஃபைவ்’, ‘கூஸ்’, ‘மவுத்’, ‘அஸ்’. நான்கிலும் உரசொலிக்கு முன்னிருந்த மூக்கொலி மறைந்திருக்கிறது. நெதர்லாந்து, வட ஜெர்மனிக் கரைகளில் பேசும் ஃப்ரீசிய மொழியிலும் இதே மறைவு. ‘சர்ச்’, ‘சீஸ்’ இரண்டிலும் பழைய ‘க’ ஒலி ‘ச்ச’ ஆனதற்கும் ஃப்ரீசியத்தில் இணை உண்டு. ஆகவே மேற்கு ஜெர்மானியத்தில், ஃப்ரீசியத்துக்கு அருகில் என்று இடம் உறுதி. அகராதியில் எத்தனை ஆயிரம் பிரெஞ்சுச் சொல் ஏறினாலும் இது மாறாது.

புரியாமல் போனதற்குக் கடன்சொல் மட்டும் காரணமில்லை, வேற்றுமை உருபு உதிர்ந்ததும் காரணம். கல் என்ற பொருள் தரும் சொல்லை எடுத்துக்கொள்வோம், பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவங்கள்:

ஒருமை: ஸ்டான் (எழுவாயும் இரண்டாம் வேற்றுமையும்), ஸ்டானெஸ் (ஆறாம் வேற்றுமை), ஸ்டானெ (நான்காம் வேற்றுமை)
பன்மை: ஸ்டானஸ், ஸ்டானா, ஸ்டானும் (அதே வரிசை)

இதில் இன்றுவரை பிழைத்தவை இரண்டுதான். ‘ஸ்டானெஸ்’ ஈறு உடைமைக் குறியாகவும், ‘ஸ்டானஸ்’ ஈறு பன்மைக் குறியாகவும் ‘ஸ்’ என்று சுருங்கி நிற்கின்றன. மற்றவை போயின. மூன்று பாலும் போயின.

உருபு இருந்தவரை சொல்வரிசை தளர்வாக இருந்தது. ‘செ ஹுண்ட் பாட் தொனெ மன்’ என்றாலும் ‘தொனெ மன் பாட் செ ஹுண்ட்’ என்றாலும் நாய் மனிதனைக் கடித்தது என்றே பொருள். ‘செ’ எழுவாயைக் காட்டும், ‘தொனெ’ நம் ‘ஐ’ உருபின் வேலையைச் செய்யும். நமக்கு இது இயல்பு. இன்றைய ஆங்கிலத்தில் சொற்களை இடம் மாற்றினால் மனிதன் நாயைக் கடித்துவிடுவான். இந்தத் தளர்வு இறுகி எழுவாய்–வினை–செயப்படுபொருள் என்று நிலைத்த காலம்தான் இடைக்கால ஆங்கிலம். ஈறுகளில் உயிர்கள் மங்குவது 1066-க்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். நார்மன்கள் வந்து இலக்கணத்தை உடைத்தார்கள் என்பது பள்ளிக்கூடச் சுருக்கம்.

கடுக்காய்:

சரி, பிரெஞ்சு வேண்டாம். வடக்கத்தியர், அதாவது ஸ்காண்டிநேவியர் மொழி என்று சொல்லலாமே? ‘தே, தெம், தேர்’ என்ற பிரதிப்பெயரே வைக்கிங்குகளிடமிருந்து வந்தது. பிரதிப்பெயரைக் கடன் வாங்கும் மொழி எங்கே இருக்கிறது?

வேர்நோக்கி:

2014-இல் எமண்ட்ஸ், ஃபார்லுண்ட் என்ற இரு மொழியியலாளர்கள் ஏறக்குறைய அதையே வாதிட்டார்கள்: இடைக்கால ஆங்கிலம் பழைய ஆங்கிலத்தின் வாரிசு இல்லை, ஸ்காண்டிநேவியக் கிளை என்று. வினைக்குப் பின் செயப்படுபொருள், முன்னிடைச்சொல் வாக்கியக் கடைசியில் தனித்து நிற்பது முதலியவை அவர்கள் காட்டிய சான்றுகள். துறையில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. மேலே சொன்ன மூக்கொலி மறைவும் ‘ச்ச’ ஒலியும் அப்படியே இருக்கின்றன. ஸ்காண்டிநேவிய மொழிகளில் பெயர்ச்சொல்லின் கடைசியில் ஒட்டும் சுட்டு ஆங்கிலத்தில் ஒரு காலத்திலும் இல்லை.

‘தே’ கடன் என்பது உண்மை. ‘எக்’, ‘ஸ்கை’, ‘டேக்’ கூடத்தான். ஒரே வேரிலிருந்து ‘ஷர்ட்’ உள்நாட்டுப் பிள்ளையாகவும் ‘ஸ்கர்ட்’ வந்தேறிப் பிள்ளையாகவும் இரண்டும் தங்கிவிட்டன. ‘ஸ்க்’ ஒலியில் தொடங்கும் பழஞ்சொல் கண்ணில் பட்டால் வடக்கத்தியக் கடன் என்று முதலில் சந்தேகப்படலாம். உள்நாட்டுச் சொற்களில் அது ‘ஷ்’ ஆகிவிட்டது.

பட்டியலாள்:

வகைப்பாட்டுச் சண்டை முடிந்திருந்தால், சொல்தச்சனின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தேதி இல்லாத உரையை எந்தக் காலப்பெட்டியில் போடுவது? ஒரே வரி மூன்று காலத்தில் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். ‘விண்ணிலிருக்கும் எங்கள் தந்தையே’ என்ற கர்த்தர் செபத்தின் தொடக்கம்:

பழையது: ‘ஃபெடர் ஊரெ, தூ தெ எயர்ட் ஓன் ஹெயொவொனும்’
இடைக்காலம்: ‘ஊரெ ஃபாடிர் தட் ஆர்ட் இன் ஹெவெனெஸ்’
1611: ‘அவர் ஃபாதர் விச் ஆர்ட் இன் ஹெவன்’

முதலாவதில் ‘உம்’ ஈறு. பெயர்ச்சொற்களில் இது பரவலாகத் தெரிந்தால் பழைய ஆங்கிலம்தான், வேறு சோதனையே வேண்டாம்.

இடைக்காலத்துக்குள் முன்பின் பார்க்கப் பிரதிப்பெயர் நல்ல அளவுகோல். சாசர் ‘தே’ என்று எழுதுகிறார். ஆனால் ‘அவர்களை’, ‘அவர்களுடைய’ என்பதற்கு ‘ஹெம்’, ‘ஹிர்’ என்ற பழைய வடிவங்களே அவர் கையில். அவர் இறந்தது 1400. இங்கிலாந்தின் வடக்கில் எழுதப்பட்ட உரைகளில் ‘தெம்’, ‘தேர்’ இதற்கு முன்பே வந்துவிட்டன. ஆகவே இந்தச் சோதனை வட்டாரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் பயன்படும். தனியாக நம்பினால் வட இங்கிலாந்து உரையைப் பிந்தியதாக நினைத்துவிடுவீர்கள்.

1500-க்குப் பின்:

‘இட்ஸ்’ என்ற உடைமைச்சொல் 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தலைகாட்டுகிறது. 1611 விவிலியத்தின் முதல் அச்சில் அது இல்லை. அந்த இடத்தில் பெரும்பாலும் ‘ஹிஸ்’ அல்லது ‘தேர்ஆஃப்’.

‘ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்’ என்ற அமைப்பு 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. அதற்கு முன் ‘ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றாலே வீடு கட்டப்படுகிறது என்று பொருள். மொழிபெயர்ப்பவர்கள் இதில் தடுக்கி, வீடே எதையோ கட்டுவதாக எழுதுவதுண்டு.

கேள்வியிலும் எதிர்மறையிலும் ‘டூ’ கட்டாயமாக வருகிறதா என்றும் பாருங்கள். ‘ஐ நோ நாட்’ என்ற வகை தாராளமாக இருந்தால் 1700-க்கு முன் என்ற பக்கம் சாயலாம். கவிதைக்கு இது செல்லாது, கவிஞர்கள் 19-ஆம் நூற்றாண்டிலும் அப்படி எழுதினார்கள்.

இளவெயில்:

இடையில் ஒரு சந்தேகம். 1500 என்ற கோடு ஏன்? அந்த ஆண்டு என்ன நடந்தது?

வேர்நோக்கி:

அந்த ஆண்டு ஒன்றும் நடக்கவில்லை, வட்டமான எண் என்பதால் வைத்தது. சுற்றிலும் நடந்தவை உண்டு. இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை நெட்டுயிர்கள் எல்லாம் இடம் பெயர்ந்தன: ‘நாம’ என்று ஒலித்தது ‘நேம்’ ஆயிற்று, ‘ஹூஸ்’ என்றது ‘ஹவுஸ்’ ஆயிற்று, ‘பீட’ என்றது ‘பைட்’ ஆயிற்று. அச்சு எழுத்துக்கூட்டலை உறையவைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் ஒலி நகர்ந்தது. இன்றைய எழுத்துக்கூட்டல் தொல்லையில் பெரும்பங்கு இதுதான்.

மொழி எல்லை அப்போது எவ்வளவு கலங்கலாக இருந்தது என்பதற்குக் காக்ஸ்டனே சாட்சி. முட்டைக்கு ‘எக்ஸ்’ என்று எழுதுவதா ‘எய்ரென்’ என்று எழுதுவதா எனத் தெரியவில்லை என்று 1490-இல் தம் முன்னுரை ஒன்றில் புலம்புகிறார். முதலாவது வடக்கத்தியக் கடன், இரண்டாவது உள்நாட்டுச் சொல். கடன் வென்றது.

இளவெயில்:

அப்படியானால் ‘சரியான ஆங்கிலம்’ எது என்று யார் தீர்மானிப்பது? செய்தி வாசிப்பவரின் உச்சரிப்பா?

பட்டியலாள்:

யாரும் இல்லை. பிரெஞ்சுக்கு 1635 முதல் அகாதமி இருக்கிறது. ஆங்கிலத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று 1712-இல் ஜோனதன் ஸ்விஃப்ட் முன்மொழிந்தார், நடக்கவில்லை. 1755-இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி, அமெரிக்காவில் 1828-இல் வெப்ஸ்டரின் அகராதி, இப்படித் தனியார் கையில்தான் தரம் உருவானது.

உச்சரிப்பை இதில் கலக்காதீர்கள். தர ஆங்கிலம் என்பது இலக்கணமும் சொற்களும் சேர்ந்த ஒரு வழக்கு. அதை எந்த உச்சரிப்பிலும் பேசலாம். ‘வீ வாஸ்’ என்று சொன்னால் எவ்வளவு மிடுக்கான உச்சரிப்பிலும் அது தர வழக்கு அல்ல. இரட்டை எதிர்மறையும் இன்று அப்படித்தான், ஆனால் சாசர் அதை வெட்கமில்லாமல் எழுதினார். ஆகவே ‘பிழை’ என்று கண்டதை வைத்து உரையின் மொழிக்குறியை மாற்றக் கூடாது. வட்டார வழக்கில் எழுதிய நாவலும் ஈ-என்-ஜிதான்.

குறிமுறை:

மின்வடிவம் என்றதால் நான் நுழைகிறேன். நூலகப் பதிவுக்கு மூன்றெழுத்து போதும், வலைப்பக்கத்துக்கும் மென்பொருளுக்கும் மொழி ஒட்டு வேண்டும்: மொழிக்குறி, பிறகு தேவையானால் எழுத்துமுறை, பிறகு நாடு, பிறகு வகை.

அதிகம் நடக்கும் பிழை ஈ-என்-யூ-கே. நாட்டுக்குறிகளின் ஐஎஸ்ஓ 3166 தரத்தில் பிரிட்டனுக்கு ஜி-பி. இணைய முகவரிகளில் யூ-கே இருப்பதால் எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். மொழிக்குறியாக யூ-கே என்று எழுதினால் அது உக்ரைனிய மொழி. சில நிரல்கள் ஈ-என்-யூ-கே-யைப் பார்த்து நாட்டைப் புரிந்துகொள்ளாமல் வெறும் ஈ-என் என்று விழும். வெறும் ஈ-என் பெரும்பாலான மென்பொருளில் அமெரிக்க வழக்கு என்று பொருள்படும். விளைவு எழுத்துக்கூட்டலோடு நிற்காது. தேதி மாதம்/நாள் என்று புரளும், அச்சுத்தாள் ஏ4-லிருந்து லெட்டர் அளவுக்கு மாறும். 03/04 என்று வந்தால் மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ என்று யாருக்கும் தெரியாது. நாடு சாராத பொது ஆங்கிலம் வேண்டுமானால் நாட்டின் இடத்தில் 001 என்ற எண் போடலாம், உலகம் என்று பொருள்.

எழுத்துக்கூட்டலைப் பிரிட்டிஷ், அமெரிக்கம் என்று இரண்டாக வெட்டினால் நடுவில் உள்ளவை விழுந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டு முறை ‘ஆர்கனைஸ்’ வகைச் சொற்களில் ‘இசட்’ போடும், ஆனால் ‘கலர்’, ‘சென்டர்’ இரண்டையும் பிரிட்டிஷ் முறையிலேயே எழுதும். அதற்கென்றே ‘ஆக்ஸென்டிக்ட்’ என்ற வகைக்குறி பதிவாகியிருக்கிறது. ‘இசட் இருந்தால் அமெரிக்கம்’ என்று தானியங்கிச் சோதனை எழுதியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடுகளை எல்லாம் அமெரிக்கப் பெட்டியில் தள்ளியிருப்பார்கள். நம்பத்தகுந்த சோதனைச் சொல் ‘அனலைஸ்’: ஆக்ஸ்ஃபோர்டு முறையிலும் அதற்கு ‘எஸ்’தான், அமெரிக்கத்தில் ‘இசட்’. கனடியமோ ‘கலர்’, ‘சென்டர்’ இரண்டையும் பிரிட்டன் போல எழுதிவிட்டு ‘அனலைஸ்’ வந்ததும் அமெரிக்கப் பக்கம் போகும், வண்டிச் சக்கரத்தின் ‘டயர்’ சொல்லுக்கும் ‘ஐ’ எழுத்து. ‘அட்வைஸ்’, ‘சர்ப்ரைஸ்’, ‘எக்சர்சைஸ்’ மூன்றுக்கும் எங்கும் ‘எஸ்’தான், அவற்றைச் சோதனைச் சொல்லாக வைப்பது வீண்.

1500–1700 உரைகளுக்கு ஈ-என் உடன் ‘எமொடெங்’ என்ற வகைக்குறி சேர்க்கலாம். 1611 விவிலியத்துக்கும் ஷேக்ஸ்பியருக்கும் அதுவே பொருத்தம். ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்தில் உள்ள பழைய ஆங்கிலக் கல்வெட்டு என்றால் மொழிக்குறிக்கு அடுத்து எழுத்துமுறைக் குறி ஆர்-யூ-என்-ஆர்.

திரைவாசிப்பான்கள் இந்த ஒட்டைப் பார்த்துத்தான் குரலைத் தேர்ந்தெடுக்கும். தமிழ்ப் பக்கத்தில் ஆங்கில மேற்கோள் வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் தனி ஒட்டு வையுங்கள்.

சொல்தச்சன்:

மிகவும் நன்றி. ஏ-என்-ஜி வடிகட்டல் உடனே செய்யக்கூடியது. பர்ன்ஸும் டோக் பிசினும் மிச்சம். ஸ்காட்ஸ் தனி மொழியா, வட்டார வழக்கா?

வேர்நோக்கி:

இதில் பெயரே வழுக்கும். வட இங்கிலாந்தை ஒட்டிய நார்தம்பிரியாவின் பழைய ஆங்கிலத்தின் வழிவந்த இந்த மொழியைப் பேசியவர்கள், 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அதை ‘இங்லிஸ்’ என்றே அழைத்தார்கள். ‘ஸ்காட்டிஸ்’ என்ற பெயர் அப்போது கேலிக் என்ற கெல்டிய மொழிக்கு. பிறகு பெயர் மாறியது. 1513-இல் கவிஞர் கேவின் டக்லஸ் தம் மொழியை ‘ஸ்காட்டிஸ்’ என்கிறார், தெற்கிலுள்ளதை ‘இங்லிஸ்’ என்று பிரிக்கிறார். ஆகவே 1450-ஐ ஒட்டிய ஸ்காட்லாந்துக் கையெழுத்துப் பிரதியில் ‘இங்லிஸ்’ என்று இருந்தால் அப்படியே ஆங்கிலம் என்று குறித்துவிடாதீர்கள்.

அடையாளங்கள் தெளிவானவை. பழைய ஆங்கிலத்தின் நெட்டுயிர் ‘ஆ’ தெற்கில் ‘ஓ’ பக்கம் போய் ‘ஸ்டோன்’, ‘ஹோம்’ என்று ஆனது. வடக்கில் போகவில்லை, ‘ஸ்டேன்’, ‘ஹேம்’. ‘நைட்’ என்பதற்கு ‘நிக்ட்’, நடுவில் தொண்டை உரசல் இன்றும் ஒலிக்கும். எதிர்மறை ‘நே’ ஒட்டு: ‘கேன்னே’. குழந்தைக்கு ‘பேர்ன்’.

தகுதி பற்றி: 1603-இல் ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசராகி லண்டனுக்குப் போனார், 1707-இல் இரு நாட்டு நாடாளுமன்றங்களும் இணைந்தன, எழுத்துத் தரம் தெற்கிலிருந்து வந்தது, ஸ்காட்ஸ் வீட்டுப் பேச்சாயிற்று. பிரிட்டன் 2001-இல் ஐரோப்பிய வட்டார, சிறுபான்மை மொழிகள் சாசனத்தை ஏற்றபோது ஸ்காட்ஸையும் அதில் சேர்த்தது. 2011 கணக்கெடுப்பில் 15 லட்சம் பேருக்கு மேல் தமக்கு ஸ்காட்ஸ் பேசத் தெரியும் என்றார்கள். மொழியியலாளர்கள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. என் கணிப்பு: தனிக்குறி இருக்கும்போது அதைப் பயன்படுத்துவதே நல்லது. பிற்காலத்தில் சேர்ப்பது ஒரு நிமிட வேலை, பிரிப்பது பெரும்பாடு.

பர்ன்ஸ் சிக்கலான ஆள். ஒரே கவிதையில் ஸ்காட்ஸிலிருந்து ஆங்கிலத்துக்கும் திரும்பவும் போவார்.

பட்டியலாள்:

அதற்கு 041-இல் ‘ஏ’ இரண்டு முறை: எஸ்-சி-ஓ முதலில், ஈ-என்-ஜி அடுத்து. ஸ்காட்லாந்து உச்சரிப்பில் பேசும் ஆங்கிலத்தை ஸ்காட்ஸ் என்று குறிப்பதும் நடக்கும் பிழை. அது ஈ-என், வேண்டுமானால் ‘ஸ்காட்லாந்து’ வகைக்குறியோடு.

குறிமுறை:

டோக் பிசின் ஆங்கிலம் அல்ல, இதில் தயக்கமே வேண்டாம். சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை, இலக்கணம் வேறு. நம்மவர்களுக்கு எளிதில் பிடிபடும் சான்று: ‘யுமி’ என்றால் நாம், ‘மிபெலா’ என்றால் நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வீ’தான். அதற்கும் மேலே, ‘மிடுபெலா’ என்றால் கேட்பவரைச் சேர்க்காமல் நாங்கள் இருவர். வினையோடு ‘இம்’ ஒட்டினால் செயப்படுபொருள் குன்றா வினை, ‘லுகிம்’ என்றால் ஒன்றைப் பார்ப்பது. எதிர்காலத்துக்கு ‘பை’, இறந்தகாலத்துக்கு ‘பின்’. மருத்துவமனை ‘ஹவுஸ் சிக்’. பப்புவா நியூகினியின் ஆட்சிமொழிகளுள் ஒன்று.

தானியங்கி மொழிக்கண்டறிவான்கள் சிறு துணுக்குகளை ஆங்கிலம் என்று சொல்லிவிடும், சொல் ஒற்றுமைதான் காரணம். ‘பிலாங்’, ‘ஒல்’, ‘பெலா’ மூன்றையும் தேடுங்கள். ஒரு பக்கத்தில் மூன்றும் மீண்டும் மீண்டும் வந்தால் டி-பி-ஐ.

கடுக்காய்:

சொல் ஆங்கிலம், இலக்கணம் வேறு, அதனால் ஆங்கிலம் அல்ல என்கிறீர்கள். இடைக்கால ஆங்கிலத்தில் சொல் பிரெஞ்சு, இலக்கணம் பழையது, அதனால் ஆங்கிலம். குறைந்தபட்சம் ஒரே அளவுகோலாவது பிடித்திருக்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன்.

இளவெயில்:

இந்த எல்லைதானே பேசுவோர் எண்ணிக்கையையும் மாற்றும்?

வேர்நோக்கி:

ஆமாம். தாய்மொழியாகக் கொண்டோர் என்றால் 40 கோடியை ஒட்டிய மதிப்பீடுகள். இரண்டாம் மொழியாகப் பேசுவோரையும் சேர்த்தால் 150 கோடி அளவுக்குப் போகும். அந்த இரண்டாவது எண் எவ்வளவு தேர்ச்சியை ‘பேசுதல்’ என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். டோக் பிசின் போன்ற கலப்பில் பிறந்த கிரியோல் மொழியினரை எந்தப் பக்கம் எண்ணுவது என்ற சிக்கல் தனி. எண்ணை மேற்கோள் காட்டும்போது எது என்று சொல்லாமல் விடாதீர்கள்.

பட்டியலாள்:

சொல்தச்சன், வடிகட்டலைத் தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன காலச் சோதனைகளை ஓசிஆர் (பக்கப் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்) செய்த உரையில் நேரடியாக ஓட்டாதீர்கள். ஏறக்குறைய 1800 வரை சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் நெட்டை ‘எஸ்’ அச்சிட்டார்கள். ஓசிஆர் அதை ‘எஃப்’ என்று படிக்கும். ‘சக்’ என்ற சொல் வேறு மாதிரி வந்து நிற்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ‘யூ’வும் ‘வி’யும் ஒலியைப் பொறுத்து அல்ல, இடத்தைப் பொறுத்து வந்தன: சொல்லின் முதலில் ‘வி’, நடுவில் ‘யூ’. 1611 பதிப்பில் ‘ஹெவன்’ சொல்லின் நடுவில் ‘யூ’ இருப்பது அதனால்தான். ‘தி’ என்ற சுட்டு ‘யீ’ போலத் தெரிந்தால் அது ‘தோர்ன்’ என்ற பழைய எழுத்தின் இடத்தில் அச்சுக்காரர் ‘வை’ வைத்தது, வாசிப்பது ‘தி’ என்றே.

வரிசை இதுதான்: முதலில் ‘எஃப்’–‘எஸ்’ திருத்தம், அடுத்து ‘யூ’–‘வி’, ‘ஐ’–‘ஜே’ ஒழுங்கு, அதன்பின் காலச் சோதனை. திருத்தியதைத் தனிப் பிரதியாக வைத்துக்கொண்டு மூலத்தைத் தொடாமல் விடுங்கள். நெட்டை ‘எஸ்’ இருந்ததே 1800-க்கு முந்திய அச்சு என்பதற்கு உங்களிடம் உள்ள முதல் சான்று.